புண்ணால் வந்த புண்ணியம்

புண் ஆறட்டும். ஆனால் அவசரமில்லாமல் ஆறட்டும்.

இப்படி ஒரு மகத்தான முடிவுக்கு மீட்டர் வந்தது சோபாவில் படுத்துக்கொண்டுதான். அவருடைய இடது கால் இரண்டு தலையணைகளின் மேல் ராஜா மாதிரி வீற்றிருந்தது. மனைவி தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, வாசலுக்குள் நுழைந்தாள்.

"எழுந்து கதவையாவது பிடிக்கக்கூடாதா?"

"கால்," என்றார் மீட்டர்.

ஒரே ஒரு சொல். ஆனால் என்ன சொல்! பரண் சுத்தம் பண்ணணுமா? கால். மின்சார ஆபீஸ் வரிசையில் நிக்கணுமா? கால். மனைவி பக்கத்துச் சொந்தத்தில் கல்யாணமா? ஐயோ, கால். இரண்டு வருஷமாக இந்த ஒரு சொல் அவரை எல்லாத் தொல்லைகளிலிருந்தும் காப்பாற்றி வந்தது. அகராதியில் புண் என்று தேடினால்கூட அதற்குப் பக்கத்திலேயே புண்ணியம் வந்து உட்கார்ந்துகொள்வது சும்மாவா என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மீட்டர் என்பது கடையில் வைத்த பெயர். பெரிய துணிக்கடையில் சட்டைத்துணிப் பிரிவில் வேலை. ஆளை ஒரு பார்வை பார்ப்பார். "உங்களுக்கு ரெண்டே கால்" என்பார். அளந்தால் மில்லிமீட்டர் பிசகாது. "எல்லாருக்கும் ரெண்டே கால்தானே, இதுல என்ன பெரிய கண்டுபிடிப்பு?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அந்த ரெண்டே காலில் நின்று நின்றுதான் வினை வந்தது. முதலில் இடது காலில் நரம்புகள் புடைத்துக்கொண்டன. அப்புறம் கணுக்கால் வீங்கியது. தோல் கறுத்தது. ஒருநாள் துணி அளக்கும் மேஜையின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே லேசாகக் கீறிவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் அது ஆறுகிற வழியாக இல்லை. சின்னக் காயம் நாளடைவில் பெருங்காயமாகி, வீடெல்லாம் மணக்க ஆரம்பித்தது. முதலாளி அவரை, மதியம் வரைக்கும் உட்கார்ந்தபடியே பொட்டலம் கொடுக்கிற இடத்துக்கு மாற்றினார்.

எல்லாம் சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மனைவி அவரைக் கால் புண் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும்.

"வகுப்பா? நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் படிக்கற பையனா?"

"ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டர் நடத்தறாங்களாம். புண்ணை எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லித் தராங்களாம். வாரா வாரம்."

"புண்ணை நான் நல்லாத்தானே பாத்துக்கறேன்? தினமும் பாக்கறேனே!"

"பாத்துக்கிட்டே இருந்தா ஆறிடுமா? கிளம்புங்க."

வகுப்பு ஆஸ்பத்திரியின் கடைக்கோடி அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார்கள். ஒன்று ஆளுக்கு, ஒன்று அவர் காலுக்கு. இப்படி அறை முழுக்கக் கால்கள். சிஸ்டர் குள்ளமாக இருந்தார். குரல் மட்டும் நெட்டையாக இருந்தது. முதல் வேலையாக எல்லாருடைய கணுக்காலிலும் ரத்த ஓட்டத்தைச் சோதித்தார். இறுக்கிக் கட்டலாமா கூடாதா என்று அதை வைத்துத்தான் முடிவு பண்ணுவாராம். அப்புறம் கேட்டார்:

"வீட்ல யார் யார் புண்ணுல என்னென்ன போட்டீங்க? வெக்கப்படாம சொல்லுங்க."

"பல்பொடி," என்றது ஒரு குரல்.

"டீத்தூள்," என்றது இன்னொன்று.

மீட்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு கேன்டீன் சமையல்காரம்மா. அடுப்புக்கு முன்னால் நின்றே காலைக் கெடுத்துக்கொண்டவர். எல்லாருக்கும் அவர் கேன்டீன் அக்கா. "நான் சர்க்கரை போட்டேன் சிஸ்டர்," என்றார்.

"இவர் முகத்துக்குப் போடற பவுடர் போட்டார் சிஸ்டர்," என்று மீட்டரின் மனைவி போட்டுக்கொடுத்தாள்.

"புண்ணுக்கு எதுக்கு மேக்கப்? பொண்ணு பாக்கவா வராங்க?" என்றார் சிஸ்டர். அறை சிரித்தது. மீட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிஸ்டர் தன் கெண்டைக்கால் சதையைத் தட்டிக் காட்டினார். "இது ஒரு மோட்டார். கீழ இருக்கற ரத்தத்தை மேல ஏத்தற மோட்டார். நடந்தா ஓடும். பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டினா ஓடும். சும்மா நின்னா ஓடாது. உங்களுக்கெல்லாம் ரத்தக் குழாய்ல வால்வு வேற பழுது. ஏறின ரத்தம் திரும்பக் கீழ வந்து தேங்குது. தேங்கின இடத்துல புண்ணு எப்படி ஆறும்?"

"அப்ப நாங்க பிளம்பரைத்தானே பாக்கணும்?" என்றார் மீட்டர்.

"பாத்துட்டீங்களே. நான்தான் பிளம்பர். காலை நீட்டுங்க."

கணுக்காலில் இறுக்கமாக, மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்வாக, முழங்கால் வரைக்கும் கட்டுத்துணியை இழுத்து இழுத்துக் கட்டினார். இதை அடுத்த வாரம் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்றார். உட்காரும்போது காலைத் தொங்கப் போடக் கூடாது என்றார். படுத்தால் கால் இதயத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்றார். முட்டை, பருப்பு சாப்பிடணும். நடக்கணும்.

"கட்டில்லாம காத்தாட விட்டாத்தானே சிஸ்டர் காயும்?" என்று மீட்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "காயம்னாலே காயணும்னுதானே அர்த்தம்?"

"துணிதான் காயணும். காயம் காயக் கூடாது. காஞ்சா பொருக்குத் தட்டும், வெடிக்கும், ஆறாது. அடுத்த ஆள் வாங்க."

துணியைப் பற்றி ஒரு துணிக்காரருக்கே பாடம்! மீட்டர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

ஆனால் அந்தக் கட்டு வேலை செய்தது. அதுதான் கொடுமை. வாரங்கள் போகப் போகப் புண் ஓரத்திலிருந்து சுருங்கி வந்தது. வாடை போனது. "இப்படியே போனா சீக்கிரம் மூடிடும்," என்றார் சிஸ்டர். மனைவியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று.

"ஆறினதும் முதல் வேலையா எங்கண்ணன் வீட்டுக்குப் போறோம்," என்றாள் வெளியே வந்ததும். "ஒரு வாரமாவது இருந்துட்டு வரணும். பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

மீட்டர் சட்டென்று இன்னும் கொஞ்சம் அதிகமாக நொண்டினார்.

மனைவியின் அண்ணன், அதாவது மீட்டரின் மச்சான், பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து அவர்தான் ஓய்வு பெற்றார். குரல் பெறவில்லை. எதையும் உரக்கச் சொல்வார். எதையும் இரண்டு தடவை சொல்வார். சாதம் போடவா என்று கேட்டால், "சாதம் வரலாம். சாதம் வரலாம்" என்பார். அவர் வீட்டில் ஒருநாள் தங்கினால் இரண்டு நாள் தங்கின களைப்பு வரும். ஒரு வாரம் என்றால் கணக்கு என்ன ஆகும் என்று மீட்டர் போட்டுப் பார்த்தார். ஒருகால் ஆறிவிட்டால்? அந்த ஒரு கால் ஆறிவிட்டால்!

அப்போதுதான் சோபாவில் அந்த மகத்தான முடிவு பிறந்தது.

மனைவி காய்கறி வாங்கக் கிளம்பினதும் மீட்டர் தாழ்ப்பாள் போடுவார். கட்டை அவிழ்ப்பார். கால் விடுதலை பெற்ற மாதிரி பெருமூச்சு விடும். ஜன்னலோரம் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, காற்றாட விடுவார். சொறிந்துகூட விடுவார். மனைவியின் செருப்புச் சத்தம் படியில் கேட்பதற்குள் திரும்பச் சுற்றிவிடுவார். இதில்தான் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை துணியைப் பிரித்து எத்தனை துணியை மடித்தவர்! பிரித்த கட்டைப் பிரிக்காத கட்டு மாதிரி சுற்றி வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடை முதலாளியாலேயே கண்டுபிடிக்க முடியாது. இந்தக் குள்ள சிஸ்டரா கண்டுபிடிக்கப் போகிறார்?

அடுத்த வகுப்பில் சிஸ்டர் மீட்டரின் காலைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதை யார் கட்டினது?"

"என்ன சிஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான். போன வாரம்."

"நான் கட்டினா இப்படி இருக்காதே."

"ஏன் சிஸ்டர், நல்லாத்தானே இருக்கு?"

"அதான் இடிக்குது. ரொம்ப நல்லா இருக்கு. ஸ்கேல் வெச்ச மாதிரி ஒவ்வொரு சுத்தும் ஒரே அளவு. இந்த அறைல எத்தனை கால் பாருங்க. இவ்வளவு அழகாக் கட்ட எனக்கு எங்க நேரம்?" சிஸ்டர் கட்டின் முனையை விரலால் நெம்பினார். "முனையை மடிச்சு உள்ள சொருகி இருக்கு. இது ஆஸ்பத்திரி மடிப்பா, கடை மடிப்பா?"

மீட்டர் விட்டத்தைப் பார்த்தார். விட்டத்தில் பதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கேன்டீன் அக்கா தன் காலை மறந்து எட்டிப் பார்த்தார்.

கட்டு பிரிந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. புண் பழையபடி பெரிதாகி, சுற்றிலும் சிவந்திருந்தது. சிஸ்டர் புறங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. மீட்டருக்கும் ராத்திரியிலிருந்தே குளிர்கிற மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சிவப்பு இன்னும் மேல ஏறியிருந்தா இன்னிக்கே வார்டுல படுக்க வெச்சிருப்பேன்," என்றார் சிஸ்டர். நெட்டைக் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "டாக்டரைக் கூப்பிடறேன். மாத்திரை தருவார். ஆனா ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இந்தப் புண்ணு ஆறினா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டமா? எனக்கென்ன சிஸ்டர் நஷ்டம்?"

சொல்லும்போதே மீட்டரின் குரல் கீச்சென்று வந்தது. மனைவி அவரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். திட்டவில்லை.

டாக்டர் வந்து பார்த்து மாத்திரை எழுதினார். மீட்டர் நொண்டிக்கொண்டு போய் மருந்து வாங்கி வந்தபோது, சிஸ்டரும் மனைவியும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் சட்டென்று நிறுத்தினார்கள்.

"என்ன பேசினீங்க?"

"முட்டையை வேகவெச்சுக் குடுக்கறதா, பொரிச்சுக் குடுக்கறதான்னு கேட்டேன்."

பஸ்ஸிலும் அவள் திட்டவில்லை. வீட்டுக்கு வந்தும் திட்டவில்லை. தலையணையை எடுத்துப் போட்டாள். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மீட்டர் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தாங்க முடியாமல், "ஏம்மா, ஏதாவது ஒரு வார்த்தை திட்டிடேன்," என்றே கேட்டுவிட்டார்.

"எதுக்குங்க திட்டணும்? தூங்குங்க."

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோது மீட்டர் உண்மையாகவே பயந்தார். கால் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்து, தலையணைக்குள் முகத்தைப் புதைத்து, கொஞ்சம் அழக்கூடச் செய்தார். இனி கட்டின் மேல் கை வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டார். காய்ச்சல் விட்டது. பயமும் கூடவே விட்டது. கட்டின் மேல் கை வைக்கக் கூடாதுதான். காலைத் தொங்கப் போட்டு டிவி பார்க்கக் கூடாது என்று சத்தியத்தில் எங்கே வருகிறது? பாதத்தை ஆட்டும் பயிற்சி பண்ணியே ஆக வேண்டும் என்று எங்கே வருகிறது?

அந்த வாரக் கடைசியில் வாசல் மணி அடித்தது. இரண்டு தடவை அடித்தது.

"கவனிக்கவும்! மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன். மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன்."

மீட்டர் சோபாவிலிருந்து விழாத குறை. வாசலில் மச்சான் நின்றார். பக்கத்தில் இரண்டு பெட்டிகள்.

"வாண்ணா!" என்று மனைவி ஓடினாள். அவள் ஓடி மீட்டர் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று. "என்னங்க, நம்மால அங்க போக முடியலையேன்னு அண்ணனை இங்க வரச் சொல்லிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் மீட்டர், பல் பிடுங்கப்பட்டவர் குரலில். "எத்தனை நாள் தங்கறதா உத்தேசம் மச்சான்?"

"கால் ஆறும் வரை. கால் ஆறும் வரை."

"ஒரு கால்லதான் மச்சான் புண்ணு. ஒரு தடவை சொன்னாப் போதும்."

"சரி மாப்ளே. சரி மாப்ளே."

"அங்க உங்க வீட்டுக்காரம்மா தனியா இருப்பாங்களே, பாவம்?"

"அவதானே பெட்டியைக் கட்டினா! பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு, பஸ் கிளம்பற வரைக்கும் நகராம நின்னா. நகராம நின்னா."

"பாசமா?"

"இறங்கிடப் போறேனோன்னு."

அன்றிலிருந்து மீட்டரின் கால் பொதுச்சொத்து ஆயிற்று. ஜன்னல் ஓரம் லேசாகக் காலைத் தொங்கப் போட்டால் போதும். "கவனிக்கவும்! மாப்பிள்ளையின் கால் தரையில் உள்ளது. மாப்பிள்ளையின் கால் தரையில் உள்ளது." மாடி வீட்டு டாக்ஸி டிரைவர் மேலிருந்து, "கால் மேல போயாச்சா?" என்று விசாரிப்பார். "புறப்படத் தயார் நிலையில் உள்ளது. தயார் நிலையில் உள்ளது" என்று மச்சான் பதில் கொடுப்பார். எதிர் வீட்டுத் தையல்காரம்மா, "இன்னிக்கு நடந்தாரா?" என்று கேட்பார். தெருவில் இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தால், "வந்து சேர்ந்தது" என்று அறிவிப்பு. பாத்ரூமுக்குப் போனால்கூடப் புறப்பாடும் வருகையும் நாலு வீட்டுக்குத் தெரிந்தது.

"மச்சான், பாத்ரூமையாவது விட்டுடுங்க. மானம் போகுது."

"மாப்ளே, தாமதமானா பயணிகளுக்குத் தெரிவிக்கணும். தெரிவிக்கணும்."

"எந்தப் பயணி?"

"வரிசைல நிக்கற நான்தான்."

மீட்டர் சமையலறைக்குப் போய் மனைவியிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்கண்ணனை எப்பம்மா ஊருக்கு அனுப்பப் போற?"

"நானா வேண்டாங்கறேன்? கால் ஆறட்டும், மறுநாளே போயிடுவான். அது உங்க கைலதான் இருக்கு."

"கால் எப்படி என் கைல இருக்கும்?"

"அதைத்தானே சிஸ்டர் வகுப்பு வெச்சு சொல்லித் தராங்க."

இன்னொன்றும் மீட்டரை உறுத்தியது. அண்ணனும் தங்கையும் சமையலறையில் பழைய கதை பேசிச் சிரித்தார்கள். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கடைசியாக எப்போது கேட்டார் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. அவர் எந்த விசேஷத்துக்கும் போகாத இரண்டு வருஷமும் அவளும்தான் எங்கேயும் போகவில்லை. அவருக்குக் கால் என்றால் அவளுக்கும் கால்தான். இந்த யோசனை கொஞ்ச நேரம் அவரைக் குடைந்தது. அதற்குள், "உணவு பரிமாறப்படுகிறது, உணவு பரிமாறப்படுகிறது" என்று சத்தம் வந்ததால் நல்ல எண்ணமெல்லாம் ஓடிப் போயிற்று.

அன்றைக்கே மீட்டர் தீர்மானத்தை மாற்றிக்கொண்டார். புண் ஆறட்டும். அவசரமாக ஆறட்டும். எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஆறட்டும்.

அதற்கப்புறம் அவரைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கடையில் பொட்டலம் கொடுத்துக்கொண்டே, மேஜைக்கு அடியில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பார். "என்ன சார், எங்களைப் பாத்து உதைக்கற மாதிரி ஆட்டறீங்க?" என்று ஒரு வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தார். "மோட்டார் ஓடுதுங்க," என்றார் மீட்டர். முட்டையைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பவர், தட்டைத் தானே நீட்டினார். தோல் வறண்டுவிடக் கூடாது என்று கட்டில்லாத வலது காலுக்கு வழித்து வழித்துக் க்ரீம் தடவினார். காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி, தலையைக் கீழே போட்டு, தலைகீழாகவே டிவி பார்க்கப் பழகினார். தலைகீழாகப் பார்த்தாலும் செய்தியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

வகுப்பில் முதல் நாற்காலி அவருடையது. கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். சிவந்தால் யாருக்கு ஃபோன் பண்ணணும், கட்டு நனைந்தால் என்ன பண்ணணும், நடப்பது போதுமா இன்னும் நடக்கணுமா? சிஸ்டருக்கே பதில் சொல்லி மாளவில்லை. பக்கத்தில் கேன்டீன் அக்கா காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அக்கா, காலை மேல வைங்க! என்ன அக்கறையே இல்லாம!"

"ஐயோ, நீங்களா பேசறது? உங்க காலை ஏன் இவ்வளவு உயரத்துல வெச்சிருக்கீங்க?"

"இதயத்துக்கு மேல இருக்கணும்க்கா."

"உங்க இதயம் எங்கதான் இருக்கு?"

"எங்க மச்சான் ஊருக்குப் போற பஸ்ஸுல."

சிஸ்டர் குனிந்து யாருடைய காலையோ கட்டிக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

ஒருநாள் சிஸ்டர் கட்டைப் பிரித்து, கழுவித் துடைத்து, நிமிர்ந்து, "மூடிடுச்சு," என்றார். புண் இருந்த இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய, இளஞ்சிவப்பான புதுத்தோல். மனைவி அதைத் தொடப் போனாள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீட்டரும் மூக்கை உறிஞ்சினார். இது நிஜமான சந்தோஷம். மச்சான் கிளம்புவதற்காக வந்ததல்ல.

"இத்தோட முடியல," என்றார் சிஸ்டர். "வால்வு பழுது பழுதுதான். இந்த இறுக்கமான காலுறையைக் காலைல எழுந்ததும் போடணும், படுக்கும்போது கழட்டணும். தினமும். எப்பவும். விட்டீங்கன்னா திரும்ப வரும். எங்க, போட்டுக் காட்டுங்க."

அந்தக் காலுறை லேசில் ஏறாது. யானைக்கு மோதிரம் போடுகிற வேலை. மீட்டர் உள்பக்கத்தை வெளியே திருப்பி, குதிகாலைச் சரியாகப் பிடித்து, சுருக்கமில்லாமல் ஏற்றினார். துணி விஷயம் அல்லவா! அறை கைதட்டியது.

"புதுசா வந்திருக்கறவங்களுக்கு, எப்படி ஆறிச்சுன்னு நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார் சிஸ்டர்.

மீட்டர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எல்லாத்துக்கும் காரணம் மன உறுதி," என்று ஆரம்பித்தார். "என்னை யாரும் கட்டாயப்படுத்தல. நானா முடிவு பண்ணினேன். ஆறணும்னு நினைச்சேன், ஆறிடுச்சு."

சிஸ்டருக்கு இருமல் வந்தது. கேன்டீன் அக்கா மீட்டரை விட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நிஜமா என்னம்மா பண்ணினீங்க?"

"நான் என்னக்கா பண்ணினேன்? அன்னிக்கு இவர் மாத்திரை வாங்கப் போனப்ப சிஸ்டர் என்கிட்டயும் அதையே கேட்டாங்க. ஆறினா இவருக்கு என்ன நஷ்டம்னு. ஆறினா எங்கண்ணனைப் பாக்கப் போகணும், ஆறாட்டி போக வேணாம்னு சொன்னேன். 'அப்ப அதை அப்படியே திருப்பிப் போடுங்க'ன்னாங்க. ஆறாட்டிதான் அண்ணன்கூட இருக்கணும்னு திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான்."

அறை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மீட்டர் தொப்பென்று உட்கார்ந்தார். காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைக்க மட்டும் மறக்கவில்லை. பழகிவிட்டது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பொருமினார். "பெண்டாட்டியும் நர்ஸும் சேந்து சதி பண்ணி, ஒரு மனுஷனைக் குணப்படுத்திட்டீங்களே! அடுக்குமா இது?" என்றார். பொருமிப் பொருமி, கடைசியில் ஒரு ஆறுதலைக் கண்டுபிடித்தார். புண் ஆறியாயிற்று. மச்சான் கிளம்ப வேண்டியதுதான். இனி வீடு நிசப்தமாக இருக்கும். காலுறையோடு சோபாவில் சாயலாம். யாரும் எதையும் ஒரு தடவைகூட அறிவிக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் வாசலில் மச்சானின் இரண்டு பெட்டிகளும் தயாராக இருந்தன. பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பை. மனைவியின் பை.

"உன் பை எதுக்கும்மா?"

"நானும் அண்ணனும்தாங்க போறோம். அண்ணி கடலோரத்துல ஒரு வீடு பிடிச்சு வெச்சிருக்காங்க. எங்க பக்கத்துச் சொந்தக்காரங்க எல்லாரும் வராங்க. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். ரெண்டு வருஷமா உங்களைத் தனியா விட்டுட்டுப் போக முடியல. இப்பத்தான் உங்க காலை நீங்களே பாத்துக்கறீங்களே! சிஸ்டரும் தாராளமாப் போயிட்டு வாங்கன்னுட்டாங்க."

கடல்! மீட்டருக்கு என்னவோ போல் ஆயிற்று. இரண்டு வருஷமாகக் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குளித்தவர். அலையில் காலை நனைத்து எவ்வளவு காலம் ஆயிற்று! மனைவியும் அத்தனை பேரும் மணலில் உட்கார்ந்து சிரிப்பார்கள். இவர் இங்கே தானே சமைத்து, தானே தின்று, தானே தட்டைக் கழுவி, டிவியோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். மச்சான் போன வீட்டில் நிசப்தம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அவ்வளவு நன்றாக இருக்காது போலத் தோன்றியது.

நேரே அறைக்குள் போனார். பையை எடுத்தார். சட்டைகளைக் கடை மடிப்பாக மடித்து அடுக்கினார். துண்டு, க்ரீம், மாற்றுக் காலுறை எல்லாவற்றையும் வைத்தார். கடையில் சொல்லிக்கொள்ளலாம், முதலாளி மறுக்க மாட்டார். தலையை வாரிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, இரண்டு காலிலும் திடமாக நின்று, வாசலுக்கு வந்தார்.

"நானும் வரேன். கிளம்பலாமா?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி அருகில் வந்து, அவர் தோளிலிருந்து பையை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தாள்.

"எப்பக் கூப்பிட்டாலும் வர மாட்டீங்கன்னு இந்தத் தடவை கேக்கவே இல்லைங்க. ரெண்டு டிக்கெட்தான் எடுத்தோம்."